கேஷும் காசும்: இரண்டு சொற்களின் வரலாறு

தமிழ்ப் பெருமை பேசும் மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று, சுருட்டு 'செரூட்' ஆயிற்று, மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆயிற்று, காசு 'கேஷ்' ஆயிற்று என்று அது நீளும். முதல் மூன்றும் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஆங்கில அகராதிகளே அவற்றுக்குத் தமிழ் மூலம் காட்டுகின்றன. நான்காவதில்தான் சிக்கல். பெரிய ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டினால் 'கேஷ்' என்ற தலைப்பில் ஒன்றல்ல, தனித்தனியாக எண்ணிட்ட இரண்டு பெயர்ச்சொற்கள் இருக்கும். ஒன்று லத்தீன் மூலமுடையது. மற்றது தமிழ்க் காசை மூலமாகக் கொண்டது. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றே, பொருளும் ஏறத்தாழ ஒன்றே. பிறப்பு மட்டும் வேறு. மேடைப் பேச்சாளர் சொல்வது பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி என்பதைக் காண இரண்டின் வழித்தடத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

பெட்டியிலிருந்து பணத்துக்கு

லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. குறிப்பாக, ஏட்டுச் சுருள்களைச் செங்குத்தாக அடுக்கி எடுத்துச் செல்லும் உருளை வடிவப் பெட்டி. 'பிடி, கொள்' என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து வந்த சொல் இது. ரோமப் பேரரசு சிதைந்து லத்தீன் பல மொழிகளாகப் பிரிந்தபோது, காப்ஸாவின் நடுவிலிருந்த 'ப்ஸ்' என்ற மெய்க்கூட்டம் ஒவ்வொரு மண்ணிலும் ஒவ்வொரு விதமாகக் கரைந்தது. இத்தாலியர் 'காஸ்ஸா' என்றனர். பிரெஞ்சுக்காரர் 'கேஸ்' என்றனர். போர்த்துகீசியர் வாயில் அது 'காய்ஷா' ஆனது. இந்தக் கடைசி வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் கதையைத் திருப்பப் போவது இதுதான்.

இடைக்கால இத்தாலிய வணிகர்கள் வங்கித் தொழிலையும் இரட்டைப் பதிவுக் கணக்கையும் வளர்த்தவர்கள். அவர்கள் பேரேட்டில் 'காஸ்ஸா' என்பது பணப்பெட்டியின் கணக்கு. பெட்டிக்குள் எவ்வளவு போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்று எழுதும் பக்கம். கணக்கியல் முறையோடு சேர்ந்து சொல்லும் வடக்கே பயணித்தது. ஆங்கிலத்தில் 'கேஷ்' தலைகாட்டுவது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில். அப்போது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது, பெட்டிக்குள் இருக்கும் ரொக்கம் என்ற பொருளும் இருந்தது. பிரெஞ்சில் சகர ஒலியில் முடிவது ஆங்கிலத்தில் 'ஷ்' ஆவது புதுமையல்ல. நாய்க்குக் கட்டும் வாரைக் குறிக்கும் 'லீஷ்', தள்ளுவதைக் குறிக்கும் 'புஷ்' இரண்டும் அதே வழியில் மாறியவை.

18-ஆம் நூற்றாண்டுக்குள் ஆங்கிலத்தில் பெட்டி மறைந்து பணம் மட்டும் எஞ்சியது. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியை வெளியிட்டபோது, பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை மூலமாகக் காட்டிவிட்டு, கையிருப்புப் பணம் என்று பொருள் எழுதினார்.

மற்ற ஐரோப்பிய மொழிகளில் பெட்டி மறையவே இல்லை. ஜெர்மனியில் 'காஸ்ஸே' என்பது கடையில் பணம் செலுத்தும் இடம். அவர்களுடைய சேமிப்பு வங்கி 'ஷ்பார்காஸ்ஸே', மருத்துவக் காப்பீட்டு நிதியம் 'கிராங்கன்காஸ்ஸே'. ரஷ்ய ரயில் நிலையத்தில் சீட்டு வாங்கும் சாளரத்தின் மேல் 'காஸ்ஸா' என்று எழுதியிருக்கும். பிரேசிலில் பணம் எடுக்கும் இயந்திரம் 'காய்ஷா எலெத்ரோனிக்கோ', அதாவது மின்னணுப் பெட்டி. அந்நாட்டு அரசு வங்கி ஒன்றின் பெயரே காய்ஷாவில் தொடங்குகிறது. பெட்டிக்குள் இருப்பதைப் பெட்டியின் பெயரால் அழைத்து, பிறகு பெட்டியையே மறந்துவிட்டது ஆங்கிலம் மட்டுமே.

காப்ஸாவின் வாரிசுகள் நம் ஊரிலும் வேறு வேடங்களில் புழங்குகின்றன. மருந்துக்கடையில் கேட்கும் 'கேப்சூல்' சின்னப் பெட்டி என்ற பொருளுடையது. நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் 'சேஸ்' என்பார்களே, அடிச்சட்டம், அதுவும் பிரெஞ்சு வழியாக வந்த அதே குடும்பம். முந்திரியைக் குறிக்கும் 'கேஷ்யூ' மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது பிரேசில் பழங்குடியினரின் துப்பி மொழிச் சொல். போர்த்துகீசியர் மரத்தோடு பெயரையும் கொண்டுவந்தார்கள்.

ஆக, இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 'கேஷ்', வங்கியில் நாம் கட்டும் கேஷ், வியாபாரி கேட்கும் கேஷ், லத்தீன் பெட்டியின் வாரிசே. இதில் தமிழுக்குப் பங்கில்லை.

பொன்னிலிருந்து செம்புக்கு

இரண்டாவது கேஷின் கதை தமிழ் மண்ணில் தொடங்குகிறது. சங்கப் பாடல்களில் காசு என்பது நாணயத்தைவிட அணிகலனில் கோக்கும் மணியையே பெரும்பாலும் குறிக்கிறது. குறுந்தொகையின் 67-ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு காட்சி வைக்கிறார். கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. பார்ப்பதற்கு, புதுநூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் கூரிய நகத்தால் பற்றிய பொற்காசு போல் இருக்கிறது. மஞ்சள் நிறம், உருட்சி, கோக்கும் தன்மை மூன்றும் அந்தக் காசுக்கு இருந்தன. இன்று பெண்கள் அணியும் காசுமாலையில் உள்ள காசு அந்தப் பழம்பொருளுக்கு வெகு அருகில் நிற்கிறது. (வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொன்ன யாப்பு நூலாருக்கும் இது அன்றாடச் சொல்லாக இருந்திருக்க வேண்டும். அரிய சொல்லை யாரும் வாய்பாடாக்குவதில்லை.)

நாணயம் என்ற பொருள் பக்தி இலக்கியக் காலத்தில் ஐயமின்றித் தெரிகிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சிவபெருமான் நாவுக்கரசருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் காசு வைத்தார், சம்பந்தருக்குக் கிடைத்த காசுக்கு மட்டும் கடையில் வட்டம் பிடித்தார்கள், அவர் பதிகம் பாடி அந்த 'வாசி'யைத் தீர்த்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. புராணத்தை விட்டுவிடலாம். சம்பந்தர் பதிகமே காசைப் பற்றியும் அதன் வாசியைப் பற்றியும் பேசுகிறது. வாசி என்பது நாணயம் மாற்றும்போது அதன் தரம் பார்த்துக் கழிக்கும் தள்ளுபடி. மாற்றுக் குறைந்த காசு, மாற்றுக் குறையாத காசு என்று சந்தை பிரித்துப் பார்த்திருக்கிறது என்றால், அது அணிமணியல்ல, புழங்கும் நாணயம்.

சோழர் காலத்தில் காசு அரசின் கணக்கு அலகாகிவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதற்குப் பெருஞ்சான்று. முதலாம் இராசராசன் காலத்தில் கோயிலுக்கு வந்த காசு ஊர்ச் சபைகளுக்குப் பொலிசைக்குத் தரப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி. 12 அக்கம் சேர்ந்தால் 1 காசு. காசு ஒன்றுக்கு இரண்டு கலம் நெல். அந்த வட்டியில் என்ன வாங்க வேண்டும் என்பதையும் கல்லிலே வெட்டினார்கள். திருமஞ்சன நீரில் இடும் ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சம் வேர் வரைக்கும் கணக்கு இருக்கிறது. அன்றைய காசு அரைக் கழஞ்சு எடைப் பொன். ஈழக்காசு, பழங்காசு, அன்றாடு நற்காசு என்று கல்வெட்டுகளில் அடைமொழியோடு வருவதைப் பார்க்கும்போது ஒன்று விளங்கும்: காசு என்று பொதுவாகச் சொன்னால் போதாத அளவுக்குப் பலவகைக் காசுகள் ஒரே நேரத்தில் புழங்கின.

பிற்காலச் சோழர் காலத்தில் பொன்னின் மாற்றுக் குறையக் குறையக் காசு கீழிறங்கியது. செம்புக் காசுகள் பெருகின. பாண்டியர், விசயநகரத்தார், நாயக்கர் காலங்களைக் கடந்து ஐரோப்பியர் கரையேறியபோது பொன்னுக்கு வராகன், இடைநிலைக்குப் பணம், அடிமட்டத்துக்குக் காசு என்ற ஏணி அமைந்துவிட்டது. அரைக் கழஞ்சுப் பொன்னாக இருந்த பெயர் சில்லறைக்குப் போய்ச் சேர்ந்தது. 'காசு பெறாத விஷயம்' என்று நாம் சொல்வது இந்த இறக்கத்துக்குப் பிந்திய வழக்கு. இராசராசன் காலத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் இரண்டு கலம் நெல் பெறாத விஷயம் என்றே பொருள்பட்டிருக்கும்.

காசு என்ற சொல்லின் வேர் எது என்பதில் அறிஞர் இருகட்சி. நிறுத்தலளவையைக் குறிக்கும் வடமொழிக் 'கர்ஷ'த்திலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. பரோவும் எமனோவும் தம் திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு வடிவங்களை ஒரே குடும்பமாக அடுக்கினர். சங்கப் பாடல்களில் நாணயத்துக்கு முன்பே மணி என்ற பொருள் வலுவாக நிற்பது, எடையிலிருந்து பெயர் வந்தது என்ற வாதத்துக்குச் சற்று இடைஞ்சலாகவே இருக்கிறது. என் சாய்வு இரண்டாம் கட்சிப் பக்கம்.

நான்கு காசுக்கு ஒரு குரங்கு

போர்த்துகீசியர் 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கினர். மலையாளத்தில் காசு 'காசு' அல்ல, 'காஶு'. நடுவில் நிற்பது ஷகரத்துக்கு அருகிலுள்ள ஒலி. அவர்கள் மொழியிலோ பணப்பெட்டிக்கு ஏற்கெனவே 'காய்ஷா' என்ற சொல் இருந்தது. சந்தையில் சில்லறையைக் காட்டி 'காஶு' என்று சொல்லக் கேட்டவன், தன் நாவுக்குப் பழகிய பணச் சொல்லோடு அதை ஒட்டிவிட்டான். காசும் காப்ஸாவும் முதன்முதலாகச் சந்தித்தது லண்டனில் அல்ல, இந்தப் போர்த்துகீசிய வாயில்தான். பொருளும் ஒலியும் இவ்வளவு நெருங்கியிருக்கும்போது இரண்டையும் பிரித்து வைக்க எந்த வணிகனுக்கும் அவசியம் இருந்திருக்காது.

இத்தாலியப் பயணி லுடோவிகோ டி வர்த்தேமாவின் பயண நூல் 1510-இல் ரோமில் அச்சானது. தென்னிந்திய நாணயங்களைச் சொல்லும்போது 16 காசு 'தாரம்' என்ற ஒரு வெள்ளி நாணயம் என்று கணக்குத் தருகிறார். கோழிக்கோட்டில் குரங்குகள் ஏராளம், ஒரு குரங்கின் விலை 4 காசு, ஒரு காசு தம் நாட்டுக் குவாத்ரினோ என்ற செம்புச் சல்லிக்குச் சமம் என்றும் எழுதுகிறார். குரங்கை யார், எதற்காக விலை கொடுத்து வாங்கினார்கள் என்று அவர் விளக்கவில்லை. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கில-இந்தியச் சொல்லகராதி இந்தக் குறிப்பை எடுத்துக்காட்டிவிட்டு, ஒரு குரங்கு ஏன் நான்கு காசு பெறும் என்பது விளங்கவில்லை என்று உலர்ந்த நகைச்சுவையோடு கடந்து போகிறது. ஆய்வாளனுக்கு வேண்டியது வேறு. மலபார்க் கரையில் காசு புழங்கியதற்கும், ஐரோப்பியர் அதைக் காதால் கேட்டு எழுதியதற்கும் ஆண்டு குறித்த அச்சுச்சான்று இது. லண்டன் வணிகர் பேரேட்டில் பெட்டியைக் குறிக்கும் 'கேஷ்' நுழைவதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு முந்தியது.

ஹாப்சன்-ஜாப்சனின் ஆசிரியர் இருவரில் ஒருவரான ஏ. சி. பர்னெல் தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர், சரசுவதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவர். தமிழ்க் காசிலிருந்தோ, கொங்கணி வடிவம் ஒன்றிலிருந்தோ போர்த்துகீசியர் காய்ஷாவை ஆக்கினர், அதிலிருந்து ஆங்கிலேயரின் கேஷ் வந்தது என்ற முடிவு அந்த அகராதியினுடையது. பின்வந்த அகராதிகள் பெரும்பாலும் அதையே ஒட்டின. மலையாள வடிவத்தை அது தனித்துப் பேசாதது குறை என்றே சொல்வேன். ஒலியைப் பார்த்தால் காய்ஷாவுக்கு மிக அருகில் நிற்பது அதுதான்.

1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். காய்ஷா அவர்களோடு கிழக்கே கப்பலேறியது. அங்கே நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செம்புக் காசும், அதைப் பார்த்து வார்த்த மட்டரகக் காசுகளும் சந்தையில் குவிந்திருந்தன. மதிப்புக் குறைந்த செம்பு எதுவாக இருந்தாலும் காய்ஷா என்றே அழைத்தார்கள். டச்சுக்காரரான லின்ஸ்ஹோட்டனின் பயண நூல் 1598-இல் ஆங்கிலத்தில் வந்தது. ஜாவாத் தீவின் சுண்டாவில் இந்தக் காய்ஷாவைத் தவிர வேறு பணமில்லை என்றும், ஹாலந்து நாட்டு 'டொய்ட்' அளவு இருக்கும், பாதிக் கனம்கூட இருக்காது என்றும், இருநூறோ ஆயிரமோ ஒரே கயிற்றில் கோத்து வைப்பார்கள் என்றும் அதில் உண்டு. அவர் ஒப்பிட்ட டொய்ட்டையும் நாம் அறிவோம். நம் 'துட்டு' அதிலிருந்து வந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து.

இப்படித்தான் சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற பெயர் நிலைத்தது. கி.பி. 621-இல் தாங் அரசு வார்த்த 'கைய்யுவான்' நாணயம் தொடங்கி, 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை சீனர் அதை 'வென்' என்றும் 'சியென்' என்றும் அழைத்தார்களே தவிர, கேஷ் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வியட்நாமில் பிரெஞ்சுக்காரர் அதையே 'சபெக்' என்றனர். அது ஒரு கோவை என்று பொருள்படும் மலாய்த் தொடரிலிருந்து வந்தது. நாணய ஆர்வலர் இன்று ஏலங்களில் 'சீன கேஷ்' என்று விற்பதும் வாங்குவதும், தென்னிந்தியக் கரையில் பிறந்த பெயரை வைத்துக்கொண்டுதான்.

சென்னைக்குப் புறப்பட்ட பீப்பாய்கள்

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் காலூன்றியபோது பழைய ஏணியை அப்படியே எடுத்துக்கொண்டது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆகவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. ஆங்கிலக் கணக்குப் புத்தகங்களில் வராகன் 'பகோடா', பணம் 'ஃபனம்', காசு 'கேஷ்'. மூன்று தலைப்புகளில் இரண்டு நேரடியாக நம் சொற்கள். கம்பெனி எழுத்தர் ஒருவர் 'கேஷ்' என்று தலைப்பிட்ட கையிருப்புக் கணக்கில், வராகன், பணம், 'கேஷ்' என்று பத்தி பிரித்து எழுதியிருப்பார். ஒரே தாளில் இரண்டு கேஷும் அருகருகே இருந்த காலம் அது.

1803-இல் கம்பெனி சென்னை மாகாணத்துக்கான செம்புக் காசுகளை இங்கிலாந்திலேயே அச்சடித்தது. பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில் நீராவி எந்திரம் அடித்த நாணயங்கள் அவை. ஒருபுறம் கம்பெனியின் சிங்கங்கள் தாங்கும் கேடயமும் ஆண்டும். மறுபுறம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோம எண்ணில் 10 அல்லது 20, பக்கத்தில் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல். பாரசீக வரியிலும் 'காஸ்' என்றே எழுதியிருக்கும். பேராசிரியர்களின் ஊகம் வேண்டாம், இரண்டு எழுத்துகளில் உலோகத்திலேயே பொறித்த சான்று இது.

அந்தக் காசுகளில் ஒரு தொகுதி சென்னையைப் பார்க்கவே இல்லை. 1809 சனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கம்பெனிக் கப்பல் சென்னைக்கு வரப் புறப்பட்டு, கென்ட் கரைக்கு எதிரேயுள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் மோதிச் சிதைந்தது. 1808-ஆம் ஆண்டு பொறித்த 10, 20 காசுகள் பீப்பாய் பீப்பாயாக மணலில் புதைந்தன. 1980-களில் முக்குளிப்பவர்கள் பெருந்தொகையாக அவற்றை மீட்டார்கள். இன்று இங்கிலாந்தில் நாணயம் சேர்ப்போரிடம் சென்னைக் காசு இவ்வளவு எளிதாகக் கிடைப்பதற்கு அந்தக் கப்பற்சேதமே பெரிய காரணம்.

1818-இல் சென்னை மாகாணத்தில் வராகன் முறை போய் ரூபாய் நிலைத்தது. அணாவும் பைசாவும் வந்தபின் கம்பெனி ஆட்சியில் காசு கணக்கு அலகாக நீடிக்கவில்லை. சமஸ்தானங்களில்தான் அது உயிரோடிருந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் பிரகதாம்பாளின் உருவம் ஒருபுறமும், மறுபுறம் தெலுங்கில் 'விஜய' என்ற சொல்லும் பொறித்த அம்மன் காசை வெளியிட்டனர். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து அதைத் தானம் கொடுப்பது வழக்கம். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். இந்தக் கணக்கு 1949 வரை நடந்தது. அன்று திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த நாஞ்சில் நாட்டில் வளர்ந்த பெரியவர்கள் சக்கரத்தையும் காசையும் வாய்ப்பாடாகவே மனப்பாடம் செய்தவர்கள்.

கல்லாவும் காசாளரும்

நாணயம் போனபின் சொல்லுக்கு நேர்ந்தது இடத்துக்கு இடம் வேறு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் 'காசு' இன்றும் பணத்துக்கு முதற்சொல். "காசு இருக்கோ?" என்று கேட்பதில் சில்லறை என்ற நினைப்பே இல்லை. சிங்களத்தில் 'காசி' நாணயம். தமிழ்நாட்டில் பணம் மேலேறி, காசு கொஞ்சம் செல்லமாகவும் கொஞ்சம் இளக்காரமாகவும் கீழே நிற்கிறது. 'காசு பார்க்கிறான்' என்பதில் உள்ள பொறாமை 'பணம் சம்பாதிக்கிறான்' என்பதில் வராது.

லத்தீன் கேஷ் நமக்கு ஆங்கிலேயர் வழியாக வந்து சேர்ந்தது. அதைத் தமிழாக்கியவர்கள் காசையே எடுத்தார்கள். 'கேஷியர்' காசாளர் ஆனார், 'செக்' காசோலை ஆனது. கேஷியர் என்பது மூலப்பொருளில் பெட்டியைக் காப்பவர். காசாளர் காசை ஆள்பவர். ஒலி இவ்வளவு ஒத்துப்போவதால் ஒன்று மற்றதன் திரிபு என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. பெட்டிக்கு நம் கடைத்தெருவில் தனிச்சொல் உண்டு: கல்லா. 'முதலாளி கல்லாவில் இருக்கார்' என்றால் காஸ்ஸாவின் பழம்பொருள் முழுவதும் வந்துவிடும். 'கல்லா கட்டிவிட்டார்' என்னும்போது பெட்டி பணமாக மாறுகிறது. காப்ஸாவுக்கு ஐரோப்பாவில் நேர்ந்த பொருள்மாற்றம், எந்தத் தொடர்பும் இல்லாமல் நம் பலசரக்குக் கடையிலும் நிகழ்ந்திருக்கிறது. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று கட்டுவதில் உள்ள ஆபத்து பொருளுக்கும் உண்டு: இரண்டு மொழிகளில் ஒரே மாற்றம் நடந்தால் ஒன்று மற்றதிடம் கற்றது என்று ஆகிவிடாது.

தமிழிலிருந்து போன சொற்களின் பட்டியலைத் தொகுப்பவர்களுக்கும் பாடநூல் எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டியலிலிருந்து காசை நீக்க வேண்டியதில்லை. எதிரே 'சென்னை மாகாணத்திலும் சீனத்திலும் புழங்கிய சிறு செம்பு நாணயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்' என்று விளக்கம் எழுதுங்கள். சான்றாக வர்த்தேமாவின் 1510-ஆம் ஆண்டு நூலையும் 1803-இன் இருபது காசு நாணயத்தையும் காட்டுங்கள். வங்கியில் கட்டும் கேஷை லத்தீனுக்கே விட்டுவிடுங்கள்.